கடைசி ஸ்ரேசன் வாசலில்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை ஒருவர் உணவகத்தில் கோப்பை கழுவினார். தண்ணீரில் ஊறி அவருடைய விரல் நுனிகள் எப்போதும் வெளுத்திருக்கும். ஞாயிறு பின்னேரங்களில், கோடையிலும்கூட, ஒரு புது நீலக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். நகரின் மேற்கு ஓரத்தில், தெருவுக்கு மேலே உயர்ந்த பாதையில் முன்பு ஒரு குட்டி ரயில் போய்வந்துகொண்டிருந்தது. அந்த வருடம்தான் அதை நிறுத்தியிருந்தார்கள். அதன் கடைசி ஸ்ரேசனில், பூட்டிய வாசலுக்கு முன்னால் போய் நின்றார்.

“ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?”

“தம்பியை. இந்தக் கோட்டும் அவனுக்குத்தான். அவன் ஊரிலையிருந்து வெளிக்கிட்டு எட்டு மாசம். அப்ப எனக்கு நிலையான விலாசம் இல்லை. இந்த ரயிலேறிக் கடைசியிலை இறங்கு, ஞாயிறு பின்னேரம் வாசல்லை நிப்பனெண்டு எழுதினனான்.”

“ரயில் இப்ப இல்லையே, அண்ணை.”

“ஓம். எங்களுக்கு நோட்டீஸ் ஒட்டிச் சொன்னவை. அவனுக்கு ஆர் சொன்னது?”

மேலே தண்டவாளப் பக்கம் ஏதோ அசைந்த சத்தம். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். காற்றுத்தான்.

பிறகு நான் பொபினிக்கு வீடு மாறிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, ஒரு குளிர்நாளில், ரூ பெர்தொனே தெருவில் அவரைக் கண்டேன். சுகம் விசாரித்தார். அந்த நீலக் கோட்டை அவரே போட்டிருந்தார்.