பெண் பார்க்கப் போன மெட்ராஸ் ஐ

ஊரின் பெயரைச் சென்னை என்று மாற்றிப் பல வருடம் ஆகிவிட்டது. கண்நோய்க்கு மட்டும் யாரும் பெயர் மாற்றவில்லை. அது இன்னும் மெட்ராஸ் ஐதான். நான் அங்கே குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை கொட்டி, ஐந்தாம் நாள் சுள்ளென்று வெயிலடித்து ஊரே புழுங்கத் தொடங்கினால் போதும், அடுத்த வாரம் என் அறைக்கு வெளியே செக்கச்செவேலென்ற கண்களோடு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னல் சாத்திய வகுப்பறை, காயாத சட்டை, ஒரே கைக்குட்டையில் மூன்று பேர். மழைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தாய்மார்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் மாமாவின் ஞாபகம் வந்து சிரிப்பு வரும்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்படி ஒரு மழை. தெருவில் முட்டியளவு தண்ணீர் வடிந்து பள்ளிக்கூடம் திறந்த சில நாளில் வகுப்பில் பாதிப் பேருக்குக் கண் சிவந்துவிட்டது. டீச்சர் என்னைத் தள்ளி நிறுத்தியே பார்த்துவிட்டு, சரியான பிறகு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு அது சௌகரியமாகப் போயிற்று. அரியலூரில் இருக்கும் அவள் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. எனக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டி, புதன்கிழமையே என்னையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள்.

மாமா ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். பெண் வீடு திருமழபாடி. பங்குனியில் அங்கே கோயிலில் நடக்கும் நந்தி கல்யாணத்துக்குப் போனவர், கூட்டத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார். ஆறு மாதம் மனதுக்குள்ளேயே வைத்திருந்து, கடைசியில் தன் மூத்த அக்காவிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் அப்படிக் கேட்கிற வழக்கமில்லை. பெரியம்மா பெரம்பலூரிலிருந்து வந்து இறங்கி, காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மெட்ராஸ் ஐ பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் வீட்டின் அசைக்க முடியாத நம்பிக்கை. நான் தலையைத் திருப்பினால் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "பாக்காதடி!" என்று பெரியம்மா அடுக்களைக்குள் ஓடினாள். வீட்டில் யாரும் என்னை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இப்போது ஒரு பார்வையில் எல்லோரையும் விரட்ட முடிகிறது என்றால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். மாமா ஒருவர்தான் பயப்படவில்லை. எதிரே உட்காரவைத்துச் சோறு ஊட்டினார், தன் துண்டாலேயே என் கண்ணையும் துடைத்துவிட்டார். சனிக்கிழமை காலையில் அவருக்குக் கண் திறக்க முடியவில்லை.

தேதியை மாற்றலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "பூ, பழமெல்லாம் வாங்கியாச்சு, வேனுக்கும் சொல்லியாச்சு. கண்ணாடிய மாட்டிக்கிட்டு வரச் சொல்லு. பிளாண்ட்டு தூசி விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்று பெரியம்மா முடித்துவிட்டாள். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் நானும் வேனில் ஏறினேன்.

திருமழபாடியில் அந்த வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியோடு மாமா நுழைந்தார். அவர் பின்னாலேயே கறுப்புக் கண்ணாடியோடு நானும் நுழைந்தேன். பெண்ணின் சித்தப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"சாருக்குக் கண்ணுல என்னங்க?"

"பிளாண்ட்டுல தூசிங்க" என்றாள் பெரியம்மா.

"பாப்பாவும் பிளாண்ட்டுலதான் வேல பாக்குதுங்களா?"

கூடமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். அந்த நாலைந்து நாளில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை. பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தார்.

பெண்ணைப் பார்க்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் போன வழியே நானும் உள் அறைக்குப் போனேன். பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு அந்த அக்கா பீரோ ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா கண்ணுக்குக் கீழே இரண்டாம் முறையாகப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் கண்கள் இரண்டும் என் கண்ணைப் போலவே சிவந்து வீங்கியிருந்தன.

"உங்களுக்குமா?" என்றேன் ஆவலாக.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா பாப்பா" என்றாள்.

"பயப்படாதீங்க. அஞ்சு நாள்ல சரியாயிடும்."

"அஞ்சு நாள்லயா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டதே தவிர, சிரிப்பு வரவில்லை.

நான் கூடத்துக்கு ஓடி வந்து நிபந்தனையைக் காற்றில் விட்டேன். "மாமா, அந்த அக்காவுக்கும் கண்ணு செவந்து வீங்கிக் கெடக்கு! நாந்தான் ஒட்டவெச்சிட்டேன்!"

பெரியம்மா என் தொடையில் கிள்ளினாள். பெண்ணின் அம்மா வேகமாக வெளியே வந்து, "ஆமாங்க, அதுக்கும் ரெண்டு நாளாக் கண்ணு நோவுதாங்க" என்றாள். இரண்டு பக்கமும் நோய் என்று ஆனதும் எல்லோருக்கும் நிம்மதியாகி மறுபடி சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அந்த அக்கா காபித் தட்டோடு வந்து குனிந்து நின்றபோது, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "மாப்ள, கண்ணாடிய மாட்டுங்க, கூடிப்போயிடும்" என்று யாரோ பதறினார்கள். அவர் காபியை எடுத்துக்கொண்டு, "நன்றிங்க" என்றார். பெண்ணிடம் நன்றி சொன்ன மாப்பிள்ளையை அந்த ஊர் அதற்கு முன் பார்த்திருக்காது.

வேன் கிளம்பியதும், "வேணாங்க்கா" என்றார்.

"ஏன்டா? நீதானடா கேட்ட!"

"சகுனம் சரியில்ல. கண்ணு நோவோட போனதே தப்பு."

வாழ்நாளில் சகுனம் பார்க்காத மனிதர் அப்படிச் சொன்னதும் பெரியம்மா என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். இந்தச் சனியன் கொண்டு வந்த கண்ணால்தான் காரியம் கெட்டது என்றாள். அம்மா ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். மாமாவின் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகை முட்டியது. பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமா என் தலையைத் தடவி, "உம்மேல தப்பில்ல பாப்பா" என்றார். அவர் கண்ணிலிருந்தும் நீர் வழிந்துகொண்டே இருந்தது. அந்த நோயில் அனுபவசாலி என்ற முறையில், "தொடைக்காதீங்க மாமா, தானா வடியட்டும்" என்று சொல்லிக் கொடுத்தேன். அவரும் துடைக்கவில்லை.

மாமா இரண்டு வருடம் கழித்து வேறு இடத்தில் கல்யாணமாகி, குழந்தை குட்டியோடு நன்றாகத்தான் இருக்கிறார். அதற்கு வெகு காலம் கழித்து, மருத்துவக் கல்லூரியில் கண்நோய்ப் பாடம் நடந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. பார்த்தால் ஒட்டாது. கை பட்டு, துணி பட்டுத்தான் ஒட்டும். ஒட்டினாலும் சிவக்க ஒரு நாளாவது ஆகும். நான் அந்த வீட்டில் காலடி வைத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. கோணிய அந்த உதடும், மறுபடி போட்ட பவுடரும் நினைவுக்கு வந்தன. அந்த அக்காவுக்கு நோயே இல்லை. அவள் அழுதிருக்கிறாள், எங்கள் வேன் வரும்வரை அழுதிருக்கிறாள்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, அன்றைக்கே தெரியுமா என்று மாமாவிடம் கேட்டேன்.

"தெரியும். நீ சொல்லித்தான் பாத்தேன்" என்றார். "பொண்ணு அழுவுதுன்னு சொல்லிட்டு வந்தா, அவங்க வூட்ல அத அடிச்சே கொன்னுருப்பாங்க. புடிக்கலன்னு சொன்னா ஊர்ல அது பேரு கெடும். உன்மேல போட்டா நாலு நாள்ல மறந்துடுவாங்கன்னு நெனச்சேன்."

பெரியம்மா இன்றுவரை மறக்கவில்லை என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு வேனில் வழிந்ததும் நோய் இல்லைதானே என்று கேட்க வாயெடுத்தேன். உள்ளே அத்தை காபி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.