கூந்தல்பாறையிலிருந்து வந்த பதில்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன், கல்லூரியும் முடித்தவன். இதையெல்லாம் நம்பினால் படிப்புக்கு என்ன மரியாதை என்று நினைப்பேன். உங்களையும் நம்பச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு நீங்களே ஒரு காரணம் சொன்னால், சத்தியமாக, எனக்குத்தான் நிம்மதி.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட், அதில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறாள். நான் டவுனில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்த்துக்கொண்டே எங்கள் மலையைப் பற்றி எழுத ஆரம்பித்திருந்தேன், கொஞ்சம் உரைநடை, கொஞ்சம் கவிதை. வருகிறவர்கள் எல்லாரும் பச்சைக் கம்பளம் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், அந்தக் கம்பளத்தில் அட்டை கடிக்கும் என்று ஒருத்தனாவது எழுத வேண்டாமா? ஆனால் எங்கள் இடங்களுக்கு நம்பர்தான் பேர். பதினாலாம் நம்பர் என்று எழுதினால் கவிதை படுத்துக்கொள்கிறது. அதனால் பதினாலுக்கு மேலே, தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்குகிற பக்கம், நானாக ஒரு பாறையை எழுதினேன். ஓடை அதன்மேல் விரிந்து இறங்குகிற மாதிரி எழுதி, அங்கே போகிற வழியையும் எழுதி, கூந்தல்பாறை என்று பேரும் வைத்தேன். அங்கே நான் போனதே இல்லை, யானை நடமாடும் இடம். எழுதியதை யாருக்கும் காட்டவும் இல்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து விறகு பொறுக்கப் போன அம்மா திரும்பவில்லை. பனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. நானும் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவும் எஸ்டேட் சூப்பர்வைசரும் தேடிப் போனோம்.

எங்கள் மலையில் பனிக்குள் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'கூ' என்று குரல் கொடுப்பார்கள், கேட்டவர் தான் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். பனியில் குரல் எந்தத் திசை என்று பிடிபடாது, இடம் தெரிந்தால்தான் போகலாம். எனக்கு அதெல்லாம் மறந்துபோய், அம்மா அம்மா என்று அலறினேன்.

"அம்மான்னு கத்துனா இந்த மலையில புள்ள பெத்தவ எல்லாந்தான் திரும்புவா. கூ குடுடா!" என்று செல்வி அக்கா அதட்டினாள், அவளும் அழுதுகொண்டுதான்.

கொடுத்தேன். தொண்டை கிழியக் கொடுத்தேன். பதில் இல்லை. மழை வலுத்தது. ஒரு ராத்திரி வெளியே கிடந்தால் அம்மா பிழைக்க மாட்டாள், எனக்கு வேறு யாரும் இல்லை, இது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. காலையில் ஆள் திரட்டி வரலாம் என்று சூப்பர்வைசர் சொல்ல வாயெடுத்தபோது மேலேயிருந்து ஒரு பெண்குரல், நிதானமாக:

"கூந்தல்பாறை!"

"அது எங்கிட்டு இருக்கு தம்பி? நா இங்க வந்த நாள்லருந்து அப்பிடி ஒரு எடத்தக் கேட்டதில்லயே," என்றார் சூப்பர்வைசர்.

நான் ஓடிக்கொண்டிருந்தேன். வழிக்கு என் வரிகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. மூங்கில் புதரைத் தாண்டி, ஓடையை இடது கைப்பக்கம் விட்டு, சரிந்து கிடக்கும் மரத்துக்கு அடியில் குனிந்து... நான் எழுதிய மரம் அங்கே சரிந்து கிடந்தது, நம்பினால் நம்புங்கள். பாறையும் இருந்தது. அதன் அடியில் அம்மா, கால் முறிந்து, உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிப்போய்க் கிடந்தாள்.

கம்பளியில் கட்டித் தூக்கி, ஜீப்பில் போட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தாள். சின்ன வயதில் அம்மா என்னைச் சுமந்துகொண்டு அங்கே போயிருப்பாள், அந்தப் பேரை நான் தூக்கத்தில் உளறியிருப்பேன், அம்மா கேட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேச்சு வந்ததும் அவளிடமே கேட்டேன்.

"நா எங்கடா பதில் குடுத்தேன்? எனக்குத்தான் வாயே தெறக்கலயே. பக்கத்துல உக்காந்திருந்த அக்காதான் குடுத்துச்சு. நீ என்னிய மட்டும் தூக்கிட்டு வந்துட்ட."

அங்கே வேறு யாரும் இல்லை. செல்வி அக்காவும் பார்க்கவில்லை.

பனி இறங்குகிற நாளெல்லாம் அம்மா கேட்கிறாள், கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி: "யாராச்சும் போயி அந்த அக்காவக் கூட்டிட்டு வந்தீங்களாடா? என் கைய விடவே இல்லடா அது. நீங்கதான பிரிச்சு விட்டீங்க."

பிரித்தோம்தான். அவளைத் தூக்குவதற்கு முன்னால், இறுகிக் கிடந்த வலது கை விரல்களை நானும் செல்வி அக்காவும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். குளிரில் விறைத்துவிட்டது என்று நினைத்தோம். உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் உள்ளங்கை மட்டும் சூடாக இருந்தது.