ஜன்னலோரக் குடுவையில் ஆதிக்கடல்

காலை ஆறே முக்கால். சமையலறை ஜன்னல் விளிம்பில் இருந்த கண்ணாடிக் குடுவையின் அடியில், ஒரு கறுப்புக் கல்லைச் சுற்றி, மெல்லிய பச்சை வளையம் தெரிந்தது. முந்தைய நாள் அது இல்லை. குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நேரம். புனேயின் கட்கியில் எங்கள் வரிசை வீடுகளில் யாரோ “பானி ஆயா”, தண்ணீர் வந்துவிட்டது, என்று குரல் கொடுத்ததும் தொடங்கும் பாத்திரச் சத்தம் அப்போதுதான் அடங்கும். அம்மா ஈரக் கையோடு குனிந்து அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் எதையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

குடுவை பள்ளிக்கூட ஆய்வகத்துடையது. ஒன்பதாம் வகுப்பில் படித்த என் அக்கா ஸ்டெல்லா, டிசம்பரில் நடந்த அறிவியல் கண்காட்சிக்காக அதில் ஆதிக்கடலைச் செய்திருந்தாள். கொதிக்கவைத்து ஆறிய நீர், சில துளி அம்மோனியா, வீட்டுக்குப் பின்னால் பொறுக்கிய கற்கள், வாயில் கார்க், கார்க்கைச் சுற்றி மெழுகு. புனேயின் கறுப்புக் கல் எரிமலைக் குழம்பு உறைந்ததுதான் என்றாலும், பூமியின் வயதுக்கு அது நேற்றுப் பிறந்த கல் என்று அவளே சொல்வாள். மின்னல் என் வேலை. அம்மாவின் கேஸ் லைட்டரைக் குடுவைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அக்காவின் பேச்சில் “இடி” என்ற சொல் வரும்போதெல்லாம் அழுத்துவேன்.

அவள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. பிராணவாயு இல்லாத வானம், கொதித்துக் கொதித்து ஆறிய தரை, விடாமல் பெய்த மழை, அந்த மழை தேங்கிய கடல்; அந்தக் கடலிலோ, கரையோரக் குட்டையிலோ, ஆழத்து வெந்நீர் ஊற்றிலோ, இன்றுவரை யாருக்கும் திட்டமாகத் தெரியாத ஏதோ ஓர் இடத்தில், உயிரற்ற பொருள்கள் சேர்ந்தும் பிரிந்தும் மறுபடி சேர்ந்தும், தன்னைப் போல் இன்னொன்றைச் செய்யத் தெரிந்த ஒன்றாக ஆயின. இந்தக் குடுவையில் உயிர் வராது, இது வெறும் மாதிரி என்றும் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் முடிப்பாள்.

கண்காட்சிக்கு வந்த எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபை உபதேசியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்.

“என்ன தாயி, ஆண்டவர் கையில லைட்டர் எடுத்துக் குடுத்ததே நீதானாக்கும்?”

“இது எங்கம்மா லைட்டர், ஐயா. ராத்திரி சோறாக்கத் திருப்பிக் குடுக்கணும்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு, “அப்ப இப்பம் ஏன் புதுசா உசுரு உண்டாக மாட்டேங்கு?” என்று கேட்டார்.

“உண்டாகத் தொடங்குனாலும், ஏற்கெனவே இருக்கிற உசுரு விட்டுவைக்காது ஐயா. தின்னுரும். அன்னைக்கு யாருமே இல்ல. அதான் நடந்துச்சு.”

அம்மா பக்கத்தில் மடக்கு நாற்காலியில், ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் தம்பி பிறந்தான், மூச்சில்லாமல். அப்படிப் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை. அது இல்லாததால் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் சாலையோரச் சுவரை ஒட்டி அத்தகைய பிள்ளைகளுக்கென்றே ஒரு வரிசை இருந்தது. அம்மா ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்க, வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, சிறிய மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். எங்கே வைத்தீர்கள் என்று அம்மா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வந்துபோன பெரியவர்கள் “அடுத்தது தங்கும்” என்றார்கள்.

வீட்டுக்கு வந்த அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கை மட்டும் பழையபடி வேலை செய்தது. ஒரு வேளை மட்டும் தண்ணீர் வருகிற வீட்டில், குறைந்திருக்கும் பாத்திரம் எதுவானாலும் நிரப்பிவைக்கப் பழகிய கை அது. “ஹண்டா” என்கிற பெரிய தண்ணீர்ப் பாத்திரத்தையும் வாளிகளையும் நிரப்பிய அந்தக் கை, கண்காட்சியிலிருந்து வரும் வழியில் மெழுகு விரிசல் விட்டு நீர் குறைந்திருந்த குடுவையையும் விட்டுவைக்கவில்லை.

“ஏட்டி ஸ்டெல்லா, இங்க வா. உசுரு வந்துட்டு,” என்றாள் அன்று காலை.

அக்கா முதலில் கார்க்கைத்தான் பார்த்தாள். மெழுகு பெயர்ந்திருந்தது. குழாய்த் தண்ணீரோடு வந்த பாசி என்று அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. வாத்தியாரையே திருத்துகிறவள் அவள். “ஆமாம்மா” என்றாள். பிறகு என்னைப் பின்வாசலுக்கு இழுத்துப்போய், “வாயத் தொறந்த, கொன்னுருவேன்” என்றாள். என் மணிக்கட்டை அவள் நெடுநேரம் விடவில்லை.

அதன்பின் அம்மா காலையில் குடுவையை வெயில் விழும் முன்ஜன்னலுக்குக் கொண்டுபோவாள், மாலையில் திரும்பக் கொண்டுவருவாள். நேரத்துக்குச் சாப்பிட்டாள். நாங்கள் காக்கூ என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண் எட்டிப் பார்த்து, “யே க்யா ஹை, சட்னி?” என்று கேட்டபோது, “நஹீ, சமுந்தர்” என்றாள். கடல் என்று.

ஏப்ரலில் பள்ளிக்கூடம் ஆய்வகச் சாமான்களைத் திருப்பிக் கேட்டது. அக்கா தள்ளிப்போட்டாள். இரண்டாம் முறை ஆளனுப்பிச் சொன்னபோது அம்மா காதில் விழுந்துவிட்டது.

“கழுவித்தான குடுக்கணும்? நானே கழுவுதேன்.”

“அம்மா, அது வந்து...”

“கொழாத் தண்ணியில வந்ததுதான. ஊத்துனவளுக்குத் தெரியாதாட்டி?” குடுவையைக் கையில் எடுத்தாள். “எங்கேருந்து வந்தா என்ன. வந்துச்சுல்லா.”

பிறகு அப்பாவைப் பார்த்து, “எந்த எடம்னு காட்டுங்க,” என்றாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து போனோம். சுவரை ஒட்டி ஓர் இடத்தை அப்பா விரலால் காட்டினார், பக்கத்தில் போகவில்லை. அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, குடுவையை மெல்லச் சாய்த்தாள். பச்சை நீர் மண்ணில் இறங்கி மறைந்தது. கடைசியில் உருண்டு வந்த கறுப்புக் கற்களைக் கையால் எடுத்து அங்கேயே வைத்தாள். வாசல் குழாயில் குடுவையைக் கழுவி, முந்தானையால் துடைத்து, அக்காவிடம் கொடுத்தாள். பெரியவர்கள் சொன்ன அடுத்த பிள்ளை பிறக்கவே இல்லை.

அம்மா இப்போது இல்லை. அந்த வரிசை வீடுகளும் இல்லை. அக்கா புனேயிலேயே வாகட் பகுதியில் பதினான்காவது மாடியில் இருக்கிறாள். எந்நேரமும் தண்ணீர் வருகிற வீடு, “பானி ஆயா” என்று யாரும் சொல்வதில்லை. சாலையை அகலப்படுத்தியபோது கல்லறைத் தோட்டத்துச் சுவரை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். அப்பா காட்டிய இடம் இப்போது சுவருக்கு வெளியே இருக்கிறது.