ஊறப்போட்ட விதை

மேட்டூர் நிரம்பி வழிகிறது என்று காலையிலேயே போனில் செய்தி வந்துவிட்டது. ஆனாலும் நாள் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, என் வீட்டுக்காரர் விதைநெல்லை இரண்டு சாக்கில் கட்டி டிரம்மில் ஊறப்போட்டார். திருமழபாடிப் பக்கம், கொள்ளிடக் கரையில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு மனுஷன். நானும் சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறினால்தானே?

மறுநாள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, சாயங்காலத்துக்குள் கரையோர வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். இந்த வேலை எனக்குத் தலைகீழ்ப் பாடம். பட்டாவும் ரேஷன் கார்டும் பிளாஸ்டிக் பைக்குள் போய் என் இடுப்பில் ஏறின. அரிசியைப் பரணில் ஏற்றினேன். கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டினேன், இல்லாவிட்டால் மிதந்து போய்விடும். மாடுகளை ஓட்டிக்கொண்டு மாமனார் முன்னே போய்விட்டார். இவர் என்னடாவென்றால், டிவியை வைக்க பீரோ மேல் இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, விதை?"

"அதுக்கென்ன புள்ள, அது ஏற்கெனவே தண்ணியிலதான கெடக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊறின நெல்லை வடித்து மூடி வைத்தால் முளைக்கும். தண்ணீரிலேயே விட்டால் அழுகும். அந்தச் சம்பாவுக்கு எங்களிடம் வேறு விதை கிடையாது.

"டிவி கெடக்கட்டும், சாக்கப் புடிங்க!" என்று கத்தினேன். சொட்டச் சொட்ட இரண்டையும் டிராக்டரில் ஏற்றினோம்.

மேட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். வகுப்பறை மூலையில் சாக்குகளைப் படுக்கப்போட்டு, வைக்கோல் கிடைக்காததால் என் புடவைகளால் மூடினேன். மறுநாள் உள்ளே கையை விட்டால் கதகதவென்று இருந்தது. முளை விட்டிருந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. இன்னும் ஒரு நாள் போனால் முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். விதைக்க வேண்டிய எங்கள் வயலோ தண்ணீருக்கடியில். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த அந்த ஊர் அம்மா ஒருவர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இத வச்சிக்கிட்டா உக்காந்திருக்கீங்க? எங்க போர்வெல் பக்கத்துல நாத்து விட கொஞ்சம் எடம் சும்மாதான் கெடக்கு. எந்திரிங்க."

இவர் ஒரு சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார். இன்னொன்றை நானும் மாமனாரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் என்று சாயங்காலம் சேதி வந்தது. அப்போது நாங்கள் மூன்று பேரும், மோட்டாரைப் போட்டு, அந்த மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தோம்.