அம்சம் வீட்டு ஆவிக்கூடாரம்

நடவு நட்டே தேய்ந்தவை அம்சத்தின் முழங்கால்கள். பூதலூருக்குப் பக்கத்தில்தான் ஊர். குவைத்தில் நர்சாக இருக்கும் மகள் ராஜாத்தி லீவுக்கு வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் பிரித்தாள். உள்ளே கம்பிகள், வெள்ளி நிறத் துணி, மடக்கு நாற்காலி, சோற்றுப் பானை அளவுக்கு ஒரு கொதிகலன்.

"முட்டி வலிக்கு ஆவி புடிக்கிற கூடாரம் இது. இதுக்குள்ள உக்காந்து ஜிப்பைப் போட்டுக்கணும்மா. தலை மட்டும் வெளியில இருக்கும்."

"உசிரோடவே என்னை மூட்டை கட்டப் பாக்குறியா?"

திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தாள். ஆவி வரும் குழாய் முனையில் நொச்சி இலையைத் துணியில் முடிந்து வைத்தது அவளுடைய யோசனை. தெப்பலாக நனைந்து வெளியே வந்தவள், அன்று மாலை கையூன்றாமல் எழுந்தாள்.

ராஜாத்தி குவைத்துக்குத் திரும்பிவிட்டாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஆவி பிடித்துப் போனார்கள். ஒருநாள் காலையில் கைத்தடியோடு வாசலில் நின்றது வள்ளியம்மை, மிராசுதார் வீட்டு மருமகள்.

அந்த வீட்டுக்கும் அம்சத்துக்கும் பழைய கணக்கு உண்டு. நில உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்பிக்க, வண்டிக்காரன் பேரிலும் சமையல்காரன் பேரிலும் நிலத்தை எழுதிவைத்த வீடு அது. அந்த நிலம் தங்களுக்கு வரவேண்டியது என்று கூலிக்காரர்கள் வயலில் இறங்கி நெல்லை அறுத்தார்கள். அம்சத்தின் கணவன் வீரையனுக்கு, மிராசுதாரின் அடியாட்கள் அடித்ததில் கால் ஊனமாயிற்று. அறுத்த வழக்கில் அம்சம் கைக்குழந்தை ராஜாத்தியோடு திருச்சி ஜெயிலுக்குப் போனாள். அந்த நிலத்துக்குக் கூலிக்காரர்கள் பேரில் பட்டா பிறகுதான் வந்தது. நாற்பது வருஷத்தில் வள்ளியம்மை இந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை.

"வாங்க," என்றாள் அம்சம்.

"ஆபரேஷன் பண்ணணும்கிறான் டாக்டரு. எனக்குப் பயமா இருக்கு. நீ ஆவி புடிச்சு நடக்குறேன்னு சொன்னாங்க."

அம்சம் அவளை உட்காரவைத்து ஜிப்பை ஏற்றினாள். வெள்ளித் துணிக்கு மேலே வள்ளியம்மையின் தலை மட்டும் தெரிந்தது. ஆவி ஏற ஏற அவள் முகம் தளர்ந்தது. கொல்லை வாசல் வழியாக அம்சத்தின் வயலில் சம்பாப் பயிர் தெரிந்தது.

"அது எங்க வயலு. அநியாயமா போச்சு."

அம்சத்துக்குச் சுருக்கென்றது.

"அநியாயமா? எங்க வூட்டுக்காரரு சாவுற வரைக்கும் நொண்டிக்கிட்டே அந்தச் சேத்துல நின்னாரு. எம்மவ ஜெயிலுக்குள்ளதான் மொத மொத நடந்தா. உங்களுக்குத் தெரியுமா அது?"

வள்ளியம்மைக்கு வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. கைகள் இரண்டும் துணிக்குள் இருந்ததால் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தாள். அம்சம் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள், கொஞ்சம் அழுத்தியே.

"எங்கிட்ட யாரும் சொன்னதில்ல. நான் அப்பதான் வாக்கப்பட்டு வந்த புதுசு."

"இப்பச் சொல்லிட்டேன்ல."

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. கொதிகலனின் இரைச்சல் அடங்கியது.

"இறங்குறீங்களா?"

"எப்ப வரும்?"

"ஒரு மணி நேரமாச்சும் ஆவும்."

"வரட்டும். முட்டி இப்பதான் எளகுது."

அம்சம் ஜிப்பைப் பாதி இறக்கிக் காற்று விட்டாள். தானும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"ஜெயில்ல புள்ளைக்குப் பாலு குடுத்தாங்களா?" என்று வள்ளியம்மை கேட்டாள். அம்சம் சொல்ல ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு வள்ளியம்மை வாரம் தவறாமல் வந்தாள். வயல் பேச்சு வந்தால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் கொதிகலன் குழாய் வெடித்தபோது, தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பிப் புதுக்குழாய் வாங்கிவந்து மாட்டச் சொன்னது வள்ளியம்மைதான்.