கணுக்கால்களைக் கணக்கெடுத்த அண்ணன்

அண்ணன் காலமாகி வருகிற திதியோடு ஓராண்டு நிறைகிறது. துக்கத்தில் பங்கு கொண்ட எல்லோர் கைக்கும் இந்த நினைவு மலர் போய்ச் சேர வேண்டும் என்பது அண்ணியாரின் விருப்பம். எனக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "சித்தப்பா, நீங்க எழுத ஆரம்பிச்சா நிக்க மாட்டீங்க. நாலே பக்கம், சொல்லிட்டேன்" என்று எச்சரித்துவிட்டுத்தான் அண்ணனின் மகள் தாளைக் கொடுத்தாள். நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லையை மீறமாட்டேன்.

உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், பயிர் செய்து பிழைத்த குடும்பத்தில் தலைமகனாக அண்ணன் பிறந்தார். சிறு வயதிலேயே இளைப்பு நோய் பிடித்துக்கொண்டது. பனிக்காலத்தில் அவர் மூச்சு விடுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். எங்கள் பக்கத்தில் சடுகுடு ஆடாத பையன் கிடையாது. ஒரே மூச்சில் பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போய், எதிரணியில் யாரையாவது தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அண்ணனுக்கு அந்த மூச்சு இல்லை. கோட்டோரம் உட்கார்ந்து, யார் தொட்டார், யார் பிடித்தார் என்று எண்ணத் தொடங்கினார்.

பள்ளி இறுதி வகுப்பு முடித்து, ஒரு தனியார் பஸ் முதலாளியிடம் டைம் கீப்பராகச் சேர்ந்தார். உறவினர் ஓடி வருகிறார் என்பதற்காக ஒரு வண்டியையும் அவர் நிறுத்தி வைத்ததில்லை. இதில் வருத்தப்பட்டவர்கள் சிலர் இந்த மலரையும் படிப்பார்கள். அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் எழுதிய புத்தகங்கள் மூன்று. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில்தான் மூன்றும் அச்சாயின. பஸ் நிலையத்தில் கடை வைத்திருந்த பாய், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி விற்றுக் கொடுத்தார். முதல் புத்தகம் பொங்கல் ஆட்டங்களில் பாடிப் போகிறவர்களைப் பற்றியது. இரண்டாவது பிடிப்பவர்களைப் பற்றியது. ஊரே பாடிப் போகிறவரைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஆடும். வெற்றியைத் தீர்மானிப்பது பிடிப்பவர்தான் என்று அண்ணன் ஆட்டம் ஆட்டமாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கு முன்பு அதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

"இன்னா டைம் கீப்பரே, பஸ்ஸுக்குத்தான் டைமு போடுவேன்னு பாத்தா இப்ப காலுக்கும் போடறியாமே?" என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்கள்.

"பஸ்ஸு பொய் சொல்லும்பா. காலு சொல்லாது" என்பார் அண்ணன்.

அவர் வேலை செய்யும் முறையை இங்கே சொல்ல வேண்டும். மணலோடு மணலாகத் தாழ உட்கார்ந்துகொள்வார். பார்வை முழங்காலுக்கு மேலே ஏறாது. எந்தக் காலை எந்தக் கை பிடித்தது என்பதைக் கண்ணால் பார்த்து எழுதுவார். பிடித்தவர் பெயரை மைக்கில் அறிவிப்பதைக் கேட்டு எழுதுவார். முகத்தை நிமிர்ந்து பார்த்தால் காலை விட்டுவிடுவோம் என்று அவருக்குப் பயம்.

இதனால்தான் இரண்டாவது புத்தகத்தில் அந்தத் தவறு நேர்ந்தது. பாலாற்றை ஒட்டிய மூன்று ஊர்களில் மூன்று ஆட்டக்காரர்கள், மூவருமே உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து இடது கையால் கணுக்காலைப் பிடிக்கிறவர்கள் என்று அண்ணன் கண்டார். வியந்து போய் ஒரு தனி அத்தியாயமே எழுதினார். ஆற்று மணலில் ஓடிப் பழகியவர்களுக்கு இந்தப் பிடி தானாக வருகிறது என்பது அவர் முடிவு. புத்தகம் வாங்கிய ஊர்க்காரர்கள் அந்த அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு, எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், திருமுக்கூடலில் இருந்து ஏழுமலை என்ற இளைஞர் பஸ் நிலையத்துக்கு வந்தார். கூலி வேலை செய்பவர். நானும் அப்போது அண்ணனோடு இருந்தேன்.

"ஐயா, உங்க பொஸ்தகத்துல மூணு பேரு கீறாங்களே, கணுக்கால் புடிக்கறவங்க. அந்த மூணு பேரும் நாந்தாங்க."

ஊருக்குள் குடியிருப்பவர் மட்டுமே ஆட வேண்டும் என்பது பொங்கல் ஆட்டத்தின் விதி. நல்ல ஆட்டக்காரர் இல்லாத ஊர் வெளியாளைக் கூட்டி வரும். உள்ளூர் ஆள் ஒருவர் வீட்டில் இருந்துகொள்ள, அவர் பெயரில் வெளியாள் இறங்குவார். எல்லா ஊரும் இதைச் செய்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணனுக்கும் எனக்கும்தான் தெரியவில்லை.

ஏழுமலை வந்த காரணம் வேறு. ஓர் அரசு நிறுவனத்தில் சடுகுடு வீரருக்கென்று ஒரு வேலை இருந்தது. அந்த வாரக் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஆள் எடுக்க இருந்தார்கள். ஆடியதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்டார்கள். அந்த மூன்று ஊர்களில் ஒன்றின் தலைவருடைய மகன், அண்ணனின் புத்தகத்தில் தன் பெயர் உள்ள பக்கத்தைக் காட்டி மனுப் போட்டிருந்தார். ஏழுமலையிடம் காட்ட ஒரு பக்கமும் இல்லை.

அண்ணன் அந்த அத்தியாயத்தைப் பிரித்து ஒரு முறை படித்தார். பிறகு, "நீ சொல்றதுக்காக மாத்தி எழுத மாட்டேன். நாளைக்குக் காலையில ஆத்துக்கு வா. புடிச்சுக் காட்டு" என்றார்.

"யாரப் புடிக்கறதுங்க?"

"எந்தம்பி வருவான்."

ஐம்பதைத் தாண்டிய நான் பாலாற்று மணலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாடிப் போனேன். கண் இமைப்பதற்குள் வாயெல்லாம் மணல். "இன்னொரு வாட்டி" என்றார் அண்ணன். மறுபடி விழுந்தேன். "இன்னொரு வாட்டி." மூன்றாம் முறை விழுந்ததும், "ண்ணா, என் எலும்பையும் சேத்து எண்ணிக்கோ" என்று கத்தினேன். அவர் சிரிக்கவில்லை. மணலில் ஒரு கையை ஊன்றி எழுந்து வந்து, முதல் முறையாக ஏழுமலையின் முகத்தைப் பார்த்தார்.

"நீதான். நான் எழுதிடறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நான் எழுதினா அவனுக்கு வேல இல்ல. வேற பேர்ல ஆடினவன்னு உன்னையும் தள்ளிடுவாங்க."

"தள்ளட்டுங்க. நான் புடிச்ச புடிய வச்சிக்கினு இன்னொருத்தன் ஆபீசுல குந்திக்கினு இருக்கறத என்னால பாக்க முடியாது."

அந்த மூன்று பெயரிலும் ஆடியவர் ஏழுமலை ஒருவரே என்று அண்ணன் பிழைதிருத்தத் தாள் ஒன்றை அச்சடித்தார். பாய் கடையில் மீதம் இருந்த ஒவ்வொரு பிரதியிலும் அண்ணியாரும் நானும் ஒட்டினோம். செய்தி அன்றைக்கே ஆற்றைத் தாண்டிவிட்டது.

மறுநாள் காலை ஆறு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் ஒருவர்தான். அது தலைவரின் மகன். தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னா டைம் கீப்பர், நல்லாத்தான போய்க்கினு இருந்துச்சு? உன் மொதலாளி எனக்கு மச்சான் மொற, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப அந்தத் தாளக் கிழிச்சுடு. நாளைக்குக் காஞ்சிபுரம் பக்கம் வராத. வந்தா அப்புறம் பேஜாரு."

அண்ணன் அவரை விட்டுவிட்டு, மகனைப் பார்த்து, "தம்பி, நீ புடிச்சியா?" என்று கேட்டார்.

"அவன இன்னாத்துக்குக் கேக்கற? எங்கிட்ட பேசு" என்றார் தலைவர். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு கதவைத் தாழிட்டேன். தாழ் சரியாக விழுந்ததா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். போக வேண்டாம் என்று அண்ணியார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் உடுத்த சலவைச் சட்டையை எடுத்து வைத்தார்.

காஞ்சிபுரத்து மைதானத்தில் புழுதி பறந்தது. அண்ணனுக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தாளை வாங்கிப் படித்தார்.

"யாருய்யா நீ?"

"பொஸ்தகம் எழுதினவன்."

"நீயே எழுதிட்டு நீயே தப்புன்றியா?"

"ஆமாங்க. மொகத்தப் பாக்காம எழுதிட்டேன்."

தலைவர் முன்னால் வந்து, டைம் கீப்பர் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்றார். அண்ணன் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை. நான் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றேன். ஊர்க்காரர்கள் எங்களைச் சுற்றி நெருங்கினார்கள். அண்ணனின் சொல்லைத் தவிர அந்தத் தாளுக்கு வேறு ஆதாரம் கிடையாது. அந்தச் சொல்லும் நின்றுபோய்விட்டது.

அதிகாரி தலைவரின் மகனைக் கூப்பிட்டார். "இந்தப் பக்கத்துல கீறது நீயா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லு."

அப்பாவின் கை அவர் தோளில் இருந்தது.

"நான் இல்ல சார். அவருதான்" என்று ஏழுமலையைக் காட்டினார். "அந்த மேட்ச் அன்னிக்கு நான் வூட்ல ரேடியோ கேட்டுக்கினு இருந்தேன்."

தலைவர் எல்லோர் முன்னாலும் மகனை அறைந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதிகாரி பட்டியலில் இருந்து இரண்டு பெயரையும் அடித்துவிட்டார். "ஏம்பா, இந்த வேலைக்கு உனக்கு வயசு இன்னும் ஒரு வருஷத்துக்குத்தான் கீது. சொந்தப் பேர்ல ஆடிட்டு வா" என்று ஏழுமலையிடம் சொன்னார்.

அண்ணனுக்கு டைம் கீப்பர் வேலை போனது. பாய் தம் கடையில் கணக்கு எழுத உட்கார வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு முழுவதும் ஏழுமலை எங்கெங்கே ஆடினாரோ அங்கெல்லாம் அண்ணன் போனார். வேறு எந்த ஊரும் ஏழுமலையைச் சேர்க்கவில்லை. சொந்த ஊர் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்ற அணியிலும் பிடித்தவருடைய கணக்குத் தனியாகத் தெரியும்படி எழுதுவது எப்படி என்று அண்ணன் யோசித்து யோசித்து எழுதியதே மூன்றாவது புத்தகம். அதற்காக அவர் முக்காலி ஒன்றில் ஏறி உட்கார்ந்தார். ஒவ்வொரு ஆட்டக்காரரின் முகத்தையும் பார்த்து, தகப்பனார் பெயரையும் கேட்டு எழுதினார். அச்சகத்தில் இருந்து மை காயாமலே வாங்கிக்கொண்டு ஏழுமலை காஞ்சிபுரம் போனார். வேலை கிடைத்தது. இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறார்.

அந்த ஓராண்டுப் புழுதி அண்ணனின் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. கடைசி மாதங்களில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். ஒருநாளும் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. குறைப்பட்டுக்கொண்டவன் நான்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நேரம் பார்க்காமல் வீட்டுக்கு வந்து ஊசி போட்ட மருத்துவருக்கு. சம்பளத்தைவிட மரியாதையை அதிகம் கொடுத்த பாய்க்கு. விடுப்பு எடுத்து வந்து பாடையின் முன்பக்கத்தைத் தோள் மாற்றாமல் சுமந்த ஏழுமலைக்கு.

இன்னும் ஒருவர் இருக்கிறார். காரியத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த நாளுக்குப் பிறகு தகப்பனார் அவரோடு பேசவில்லை. இப்போது தனியாக ஆலைக் கூலி வேலைக்குப் போகிறார். மைதானத்தில் நடந்ததை மலரில் எழுதப்போகிறேன், சங்கடமாக இருந்தால் பெயரை விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் கேட்டேன்.

"போடுங்க சார். அது மட்டும் நான் செஞ்சதுதான்" என்றார்.

அவர் பெயர் வரதன். எங்கள் குடும்பத்தின் நன்றி அவருக்கு.