இலைச்சாறும் இறால் குஞ்சுகளும்

மேடத்தின் குரல் தடுமாறி நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு கண்ணாடிக் குப்பிக்கு முன்னால்தான். உப்புத் தண்ணீரில் தூசி போலத் துள்ளிக்கொண்டிருக்க வேண்டிய இறால் குஞ்சுகள் அடியில் படிந்து கிடந்தன. தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பேராசிரியையான அவரும் உதவியாளான நானும் மூலிகைச் சாறுகளைச் சோதித்துவந்தோம். சாற்றில் நஞ்சு உண்டா என்று இந்தக் குஞ்சுகளை விட்டுத்தான் பார்ப்போம். அன்றைய சாறு வந்தது மேடத்தின் வீட்டிலிருந்து. அவர் கணவர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி, குற்றாலத்தில் மூலிகைக் கடை வைத்திருந்தார். அருவியில் குளித்த ஈரத்தோடு வருகிறவர்கள் அந்தச் சாற்றை வாங்கிக் குடிப்பார்கள். அவர்கள் நம்ப வேண்டுமென்று அண்ணாச்சியும் தினமும் ஒரு தம்ளர் குடிப்பார்.

அந்தச் சாறு பிழிந்த இலையில் நல்ல குணமும் இருந்தது. சீழ்க் கிருமி வளர்த்த தட்டில் சாறு தோய்ந்த காகித வில்லையை வைத்தால், சுற்றிலும் கிருமி அண்டாத வட்டம் பளிச்சென்று விழும். அதைப் பார்த்து மேடம் சந்தோஷப்பட்ட மறுவாரம்தான் குஞ்சுகள் செத்தன. மறுபடி செய்தோம், மறுபடியும் செத்தன.

அன்று சாயங்காலமே என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். அண்ணாச்சி சிரித்தார். "ஏட்டி, இறால் செத்தா மனுசன் சாவானா? எங்கப்பா காலத்துலேருந்து குடுக்கோம். ஒருத்தராவது வந்து குறை சொல்லிருக்காவளா?"

"செத்தவுக வந்து சொல்லுவாவளா?" என்றார் மேடம். "இறாலை விடுங்க. உங்க ரத்தத்தைப் பார்ப்போம்."

கொஞ்ச நாள் மேடத்திடம் முகம் கொடுத்துப் பேசாத அண்ணாச்சி, கடைசியில் அவருக்காகவே சோதனைக்கு ரத்தம் கொடுத்தார். ஈரல் கெட ஆரம்பித்திருந்தது. சாற்றை உடனே நிறுத்தச் சொன்னார் டாக்டர். ஆய்வகத்தில் குரல் தடுமாறியதோடு நின்றிருந்த மேடம், ஆஸ்பத்திரி வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். தான் சொன்னது சரியாகிப் போனதற்காக ஒருவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

மெல்ல மெல்ல ஈரல் தேறியது. மேடமும் ஓய்வு பெற்றுவிட்டார். போன சீசனில் அவர்களைப் பார்க்கப் போனேன். வெளியூர்க்காரர் ஒருவர் கடை வாசலில் நின்று அந்தச் சாறுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்.

"குடிக்கத் தரமாட்டேன் சார்," என்றார் அண்ணாச்சி. "என்னைக் காப்பாத்த வீட்டுல ஒருத்தி இருந்தா. உங்களுக்கு யாரு இருக்கா?"

உள்ளே எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மேடம், காதில் விழாதது போலத் தலையைக் குனிந்துகொண்டார். காப்பி நன்றாக ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டேயிருந்தார்.